பொறுப்பேற்கும் தலைமை



கூலி மட்டும் பணியாளரின் உள்ளத்தை வென்றுவிடாது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர், இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள். ஆயினும் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் அவர்கள் செய்தியாளர்கள் முன் தாமே பொறுப்பேற்றார்கள். குழுவின் மீது நம்பிக்கையும் தெரிவித்தார்கள். 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களிடம் பேசும் பெருமையைக் கலாம் அவர்களுக்கே அளித்தார்கள். இதனைக் கலாம் அவர்கள் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்தார்கள்.

நம் கடையில் கணக்குப் பிசகும்போது, வாடிக்கையாளர் முன் பணியாளரைக் கடிந்தால், மறுமுறை அவர் பிழையை மறைக்கவே முயல்வார். இழப்பு நமக்கே. ஆகவே, பிழையைத் தனியே அழைத்துத் திருத்துவோம். நற்பெயரைப் பலர் முன் பகிர்ந்தளிப்போம்.