தட்டினால் பாடும் தோட்டம்



தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களிடம், விடியலில் காதில் விழும் முதல் ஓசை எது என்று கேட்டுப் பாருங்கள். சேவல் என்று சொல்ல மாட்டார்கள். பிரட்டு மணி என்பார்கள். இருட்டோடு அந்த மணி அடித்தால் லயமே எழுந்துகொள்ளும். உளியும் காண்டா வாளியும் புறப்படும். பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. அந்த மணிகள்? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனவையே அதிகமாக இருக்கும்.

ஈப்போ பழைய நகரத்துக்குப் போனால், லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் ஸக்கரெவிச் 2014ஆம் ஆண்டு தீட்டிய சுவரோவியங்களின் முன் இன்றும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அது பார்க்கிற கலை. கையால் தட்டி, காதால் அனுபவிக்கிற பொதுக்கலை ஒன்று ஏன் வரக்கூடாது?

தமிழனுக்கு இது புதிதா என்ன? திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலிலும் கல் தூணைத் தட்டினால் சுரம் வரும். ஆனால் தட்டித் தட்டியே கல் தேயும் என்ற கவலையும் உண்டு. ஹம்பி விட்டலர் கோயிலின் 56 இசைத் தூண்களை இப்போது யாரும் தட்டக்கூடாது. பாதுகாப்பு சரிதான், இசை போய்விட்டது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் தெரிகிறது. அங்கே 2003இல் தொடங்கப்பட்ட ‘ஸ்வரம்’ என்ற இசைக்கருவிப் பட்டறை, வருகிறவர்கள் எல்லாரும் வாசிக்கக்கூடிய ஒலித் தோட்டங்களை அமைக்கிறது. தொங்கும் உலோகக் குழாய்கள், ஈரக் கையால் தேய்த்தால் முனகும் கருங்கல் என்று விதவிதமாக இருக்கும். மின்சாரம் தேவையில்லை. இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமத்து இளைஞர்கள். சங்கீதம் படித்து வந்தவர்கள் அல்லர், வேலை செய்துகொண்டே கற்றவர்கள். கவனிக்க வேண்டியது இதைத்தான். செய்தவன் பக்கத்திலேயே இருந்தால், உடைந்ததை மறுநாளே சரிசெய்யலாம்.

குழாய் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நடுவில் கட்டித் தொங்கவிட்டால் ஓசை செத்துவிடும். முனையிலிருந்து நீளத்தில் சுமார் 22 விழுக்காடு தள்ளித் துளையிட வேண்டும். அந்த இடம் அதிர்வதில்லை. ஒரு மீட்டர் குழாய் கீழ் ‘ஸ’ என்றால், மேல் ‘ஸ’வுக்கு அரை மீட்டர் போதும் என்று தோன்றும். அது தவறு. அதே வகைக் குழாயில் ஏறக்குறைய 71 சென்டிமீட்டர் வேண்டும். ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இது ஒரு வேலையா? அளவைச் சொன்னால் அறுத்துக் கொடுத்துவிடுவார்.

குரோவேஷியாவின் ஸடார் நகரத்தில், போருக்குப் பின் வெறும் கான்கிரீட் கரையாகக் கிடந்த இடத்தில், 2005இல் கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச் கடல் ஆர்கனை அமைத்தார். படிகளுக்கு அடியில் 35 குழாய்கள். அலை காற்றைத் தள்ள, அவை ஊதுகின்றன. அழகுதான், ஆனால் மனிதன் அங்கே கேட்பவன் மட்டுமே. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அது போதாது. அவர்கள் கையால் அடிக்க வேண்டும்.

ஈப்போவில் ஒரு பொதுப் பூங்காவின் மூலையில் இப்படி ஒன்று அமைத்தால், எங்காவது தப்பியிருக்கும் பிரட்டு மணியையும் பழைய ஆலைக் குழாய்களையும் அங்கே தொங்கவிடலாம். எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்று பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். முக்கியமாக, ‘தொடாதீர்’ பலகை வேண்டாம்.

இரவில் அண்டை வீட்டார் தூக்கம் கெடாதா என்று மாநகர் மன்றம் கேட்கும். நியாயமான கேள்வி. பூங்கா மூடும் நேரத்தில் கோல்களை எடுத்துப் பூட்டி வைக்கலாம். பகலிலும் கோலின் தலை மென்மையாக இருந்தால் கிறீச்சென்ற ஓசை அடங்கி, நாதம் குளிர்ச்சியாக வரும். அந்தத் தலைக்கு ஏற்ற பொருள் ரப்பர்தான்.