காவல் நிலையமும் நம் உரிமைகளும்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)



"போலீஸ் ஸ்டேஷன் வாசற்படியை மிதித்ததே இல்லை" என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. நல்லதுதான். ஆனால் இன்று பல குடும்பங்களில் பிள்ளைகள் அயல்நாட்டில்; வயதான பெற்றோர் மும்பையிலோ டெல்லியிலோ பெங்களூரிலோ தனியாக. அகத்தில் களவு போகலாம். வாடகைதாரருடன் தகராறு வரலாம். குடும்பச் சச்சரவு புகாராக முற்றலாம். அந்தச் சமயத்தில் சட்டம் தெரியாத பயமே நம்மை அதிகம் படுத்தும். ஆகவே அவசியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1.7.2024 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 'பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' அமலில் உள்ளது. நான் குறிப்பிடும் பிரிவுகள் அதிலுள்ளவை.

புகார் கொடுக்கும்போது

ரயிலில் நகை திருட்டுப் போகிறது. எந்த ஊர் எல்லையில் போனது என்று யாருக்குத் தெரியும்? 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை செய்யலாம்.

பதிவு செய்ய மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் பலனில்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம்.

"ஸ்டேஷனுக்கு வா" என்றால்

முதலில் கேட்க வேண்டியது, "சாட்சியாகவா, குற்றம் சாட்டப்பட்டவராகவா?" என்பது. சாட்சியாக என்றால் 179-ஆம் பிரிவின்படி எழுத்து மூலம் அழைக்க வேண்டும். பெண்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரும்படி வற்புறுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். நம் அங்கத்தினர்களில் பலர் இதில் அடக்கம்! சாட்சி சொன்னதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு 35(3) பிரிவில் நோட்டீஸ் வந்தால் விஷயம் வேறு. அதை அலட்சியம் செய்யவே கூடாது. குறித்த நாளில் ஆஜராகி ஒத்துழைப்பவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் கூறியிருக்கிறது.

கைது என்றால்

வரதட்சணைக் கொடுமைப் புகார்களில் படுத்த படுக்கையாய் இருக்கும் தாத்தா, பாட்டிகளைக்கூடக் கைது செய்வதை 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், புகார் வந்த மாத்திரத்தில் கைது செய்யக் கூடாது என்றும் சொன்னது. இப்போது இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 3 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி தேவை.

பெண்களை, விசேஷ சந்தர்ப்பம் தவிர, சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் கைது செய்யக் கூடாது. கைது யாராயினும், காரணத்தைச் சொல்ல வேண்டும். அவருக்குப் புரியும் பாஷையில் எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மராத்தியோ ஹிந்தியோ படிக்கத் தெரியாத நம்மவர்களுக்கு இது பெரிய ஆறுதல். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தனக்கெதிராகவே சாட்சி சொல்லும்படி யாரையும் நிர்ப்பந்திக்க முடியாது. இது அரசியல் சாசனம் 20(3) தரும் உரிமை.

'டிஜிட்டல் அரெஸ்ட்'

இதைத்தான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீடியோ காலில் போலீஸ் உடுப்புடன் ஒருவர் தோன்றி, "உங்கள் ஆதார் எண் போதைப் பொருள் கேசில் சிக்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள், பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்பார். ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தை இப்படி இழந்த முதியோர் பலர். நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீசும் போனில் கைது செய்வதில்லை. உடனே போனை வைத்துவிட்டுப் பிள்ளைகளிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

"உரிமை பேசினால் போலீசுக்குக் கோபம் வராதா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களும் வேலைப்பளு உள்ள மனிதர்கள்தான். மரியாதையாகப் பேசுங்கள்; உண்மையைச் சொல்லுங்கள்; எதையும் எழுத்தில் கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். பணிவு வேறு, பயம் வேறு.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கும் காவலில் உள்ளோருக்கும் இதில் வருமான வரம்பே கிடையாது. இன்று அகத்துக்குப் போனதும் 1930, 15100, நம்பிக்கையான ஒரு வக்கீலின் எண், பக்கத்தில் உள்ள நம் அங்கத்தினர் ஒருவரின் எண் ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி டெலிபோன் அருகில் ஒட்டி வையுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் அகத்துக்கு நீங்களே போய் ஒட்டிக் கொடுத்தால் இன்னும் விசேஷம்.