மேயர் நாற்காலியும் பூண்டித் தண்ணீரும்



இதே திருத்தங்கலில் பிறந்து, முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாய் போட்ட என்ஜினீயர் நான். எந்த மேடையில் ஏற்றினாலும் என் பேச்சு தண்ணீரில்தான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் படிக்கப் போன முதல் கோடையில் ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு வாளிதான். குளிக்க, துவைக்க எல்லாம் அதற்குள்ளே. விடியற்காலை நாலு மணிக்கே அடிபம்பு முன்னால் வரிசை. முன்னால் நின்ற சீனியர், "பூண்டி வத்திப்போச்சுடா தம்பி" என்றார். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் கேட்டேன். நூலகத்தில் தேடப் போனால், அகப்பட்டது ஒரு மேயரின் கதை.

தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயரானார். டெல்லி சட்டசபையைப் பேச்சால் கலக்கியவர். மேயர் பதவியோ அப்போது ஒரே வருஷம். மாலை வாங்கவே சரியாகப் போகும். உலகப் போர் வேறு தொடங்கிவிட்டது. அந்த நெருக்கடியிலும் சென்னைக் குடிநீருக்காகக் கொசஸ்தலை ஆற்றில் பூண்டி நீர்த்தேக்கம் கட்ட வெள்ளைக்கார அரசிடம் வாதாடிச் சம்மதம் வாங்கினார். 1940-ல் தொடங்கிய வேலை 1944-ல் முடிந்தது. அவர் 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். தேங்கிய தண்ணீரைப் பார்க்கவில்லை. இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கனஅடி. பெயர், சத்தியமூர்த்தி சாகர்.

அவருடைய சீடர்தான் நம்ம விருதுநகர் காமராஜர். சிறையில் இருக்கும்போதே ஊர்க்காரர்கள் அவரை நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1941-ல் வெளியே வந்ததும் ராஜினாமா செய்தார், முழுசாகக் கவனிக்க முடியாத பதவி எனக்கெதற்கு என்று. ஒரு வருஷத்தைக் கறந்து எடுத்த குருவும், வேண்டாமென்று விட்ட சீடரும் எனக்கு ஒரே ஜாதி மனுஷர்கள்தான்.

இப்போது நமக்கும் மேயர் உண்டு. 2021-ல் திருத்தங்கல் நகராட்சி சிவகாசியோடு சேர்ந்து மாநகராட்சி ஆனது. 2022-ல் சங்கீதா முதல் மேயரானார். பதவிக்காலம் ஐந்து வருஷம், வார்டுகள் 48. அமெரிக்கத் தேர்தலை விடிய விடியப் பேசுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் வார்டு கவுன்சிலரைத் தெரியும்?

பட்டம் வாங்கியிருக்கும் பிள்ளைகளே, வீட்டுக்குப் போனதும், அந்தப் பட்டத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வார்டு எண் அதில் இருக்கும். வருகிற வாரமே அந்தக் கவுன்சிலரைப் போய்ப் பார்த்து, உங்கள் தெரு வாறுகாலை எப்போது அள்ளுவார்கள் என்று கேளுங்கள்.