ஒத்த பீஸும் ஒரு ஆர்டர்தான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடை புதுசு. பத்தாவது வரைக்கும் படித்தேன். அப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைகள், ரெண்டு மாடு, வீட்டில் ஒரு தையல் மெஷின். "காலேஜ் பசங்க எதுக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கறாங்க?" என்று உங்களில் பல பேர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் குழுவில் 14 பேர். வங்கிக் கடன் வந்தபோது நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து பழைய லேசர் மெஷின் ஒன்றை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வாங்கினோம். ஷீல்டு, பெயர்ப்பலகை, கல்யாணப் பரிசுக்குப் படம் பொறிப்பது, இதுதான் எங்கள் கணக்கு. மார்ச் வரை பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள் இருந்ததால் வேலை வந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ஒன்றும் இல்லை. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. நகையை வைத்து ஒரு தவணை கட்டினேன். அடுத்த குழுக் கூட்டத்தில், "மெஷினை வித்து கடனை அடைச்சிருங்க, உங்களால மொத்தக் குழுவுக்கும் பேர் கெட்டுப் போகும்" என்று ஒரு அக்கா சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தீர்மான நோட்டில் எங்களுக்கு மூன்று மாதம் அவகாசம் எழுதினார்கள்.

அந்த மூன்று மாதத்தில்தான் மெயின் ரோட்டு இன்ஜினியரிங் காலேஜில் இருந்து மூன்று பசங்க வந்தார்கள். "அக்கா, ரோபோவுக்கு பாடி வெட்டணும், ஒரே ஒரு பீஸ்தான். டவுன்ல ஒரு பீஸுக்கெல்லாம் மெஷினைப் போட மாட்டோம்னுட்டாங்க" என்றார்கள். ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி என்று நினைத்தேன். அவர்கள் காட்டியது பாப்பா விளையாடுகிற கார் மாதிரி ஒன்று. தரையில் போட்ட கருப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு தானாகவே போகுமாம். மோட்டார், சக்கரம், பேட்டரி, ஆர்டுயினோ என்கிற போர்டு எல்லாம் கடையில் கிடைக்கிறது. இவற்றை எல்லாம் தாங்குகிற தட்டு மட்டும் அவரவர் அளவுக்குக் கடையில் கிடைக்காது. கத்தியால் அட்டையை அறுத்து, பசை போட்டு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

நம்ம மெஷின் அதைச் செய்யும். அதில் கண்ணாடிக் குழாய்க்குள் கரியமில வாயு இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப் பலகையையும் அக்ரிலிக்கையும் வெண்ணெய் மாதிரி வெட்டும். இந்த வகை லேசரை 1964-இல் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்தவர், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். மெஷின் பொருத்த வந்த தம்பி இதைச் சொன்னபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது.

ஆனால் அந்த முதல் ஆர்டரிலேயே நான் தப்புப் பண்ணினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பசங்க பென் டிரைவில் படம் கொண்டு வந்தார்கள். ஒரு தட்டின் காது இன்னொரு தட்டின் ஓட்டையில் போய் உட்காரணும். பலகை 3 மில்லி, அதனால் ஓட்டையும் 3 மில்லி என்று வரைந்திருந்தார்கள். நான் அப்படியே போட்டு வெட்டிக் கொடுத்து, காசும் வாங்கிவிட்டேன். ராத்திரி எட்டரை மணிக்குத் திரும்பி வந்து நிற்கிறார்கள். "அக்கா, எல்லா மூட்டும் லொட லொடன்னு ஆடுது. காலைல ஏழு மணி பஸ்ஸுக்குப் போட்டிக்குக் கிளம்பணும்." அதில் ஒரு பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அளந்து பார்த்தேன். 3 மில்லி என்று வாங்கிய பலகை 2.8 தான் இருந்தது. அது மட்டுமில்லை, லேசர் வெட்டும்போது கோட்டின் அகலத்துக்குக் கொஞ்சம் எரித்துவிடும். எங்கள் மெஷினில் அது 0.2 மில்லி. ஆக 3 மில்லி ஓட்டை 3.2 ஆகிவிட்டது. உள்ளே போகிற பலகையோ 2.8. ஆடாமல் என்ன செய்யும்? ஜாக்கெட் தைக்கும்போது தையலுக்குத் துணி விடாமல் யாராவது வெட்டுவோமா? இருபது வருஷமாகத் தையலுக்கு விடுகிற கை, இதில் விடவில்லை. படம் அவர்களுடையதுதான். ஆனாலும் பலகையை அளந்து பார்க்க வேண்டியது நான்.

ஓட்டையை 2.6 என்று மாற்றி ஒரு சின்னத் துண்டில் வெட்டிப் பார்த்தோம். கட்டை விரலால் அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்தது. அப்புறம் முழுசாக வெட்டினோம். பத்தரை மணிக்கு முடிந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை. என் மாமியார் பசங்களுக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பரிசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் வேறு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "இந்த அக்கா தப்புன்னா திருப்பி வெட்டிக் கொடுப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுத்தான் எங்களுக்கு விளம்பரம்.

அதிலிருந்து நாங்கள் வைத்திருக்கிற வழக்கத்தைச் சொல்கிறேன். எந்தத் தொழில் பண்ணுகிறவர்களுக்கும் உதவும்.

ஒன்று, எந்தப் பலகை வந்தாலும் வெர்னியர் வைத்து மூன்று இடத்தில் அளப்போம். முதலில் ஒரு மூட்டை மட்டும் வெட்டி, பசங்க கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வோம்.

இரண்டு, படத்தில் ஏதாவது ஒரு நீளத்தைத் தாளில் எழுதித் தரச் சொல்வோம். சில படம் அங்குலத்தில் வரைந்திருக்கும், மெஷின் அதை மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். 4 அங்குலத் தட்டு 4 மில்லியாக நெல்லுமணி அளவுக்கு வந்து நிற்கும்.

மூன்று, என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் வெட்ட மாட்டோம். பி.வி.சி-யை லேசரில் வெட்டவே கூடாது. அதில் குளோரின் இருக்கிறது, புகை நெஞ்சைப் பிடிக்கும், மெஷினும் துரு ஏறிப் போகும். ஒரு பொண்ணு வெள்ளை ஃபோம் ஷீட் கொண்டு வந்து "அக்ரிலிக்தான் அக்கா" என்றாள். எனக்குச் சந்தேகம். செம்புக் கம்பியை நெருப்பில் காட்டி, பிளாஸ்டிக்கைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினேன். தீ பச்சையாக எரிந்தது. பச்சை என்றால் குளோரின். திறந்த வெளியில், ஒரு பொட்டு அளவுதான் இப்படிப் பார்க்க வேண்டும். 150 ரூபாய் ஆர்டரைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பொண்ணே அடுத்த நாள் சரியான அக்ரிலிக் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நான்கு, மெஷின் ஓடும்போது ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கணும். பலகை தீப்பிடிக்கும். பால் பொங்குகிற நேரம்தான் ஆகும். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று ஓடினால் அவ்வளவுதான். தீயணைக்கும் சிலிண்டர் கை எட்டும் இடத்தில் மாட்டியிருக்கிறோம். புகையை வெளியே இழுக்கும் ஃபேன் ஓடாமல் மெஷினைப் போடுவதில்லை.

இன்னொரு விஷயம். பசங்க அவசரத்தில் பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்துப் போர்டை எரித்துவிடுவார்கள். ஒருதடவை என் கண் முன்னாலேயே புகைந்தது. துணியில் சாக்பீஸால் குறி போடுகிற மாதிரி, தட்டிலேயே ப்ளஸ், மைனஸ், இடது மோட்டார், வலது மோட்டார் என்று பொறித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். பெயர்ப்பலகை பொறித்த கைக்கு இது என்ன பெரிய வேலை? இப்போது எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள். அவர்கள் டீம் பெயரையும் சேர்த்துப் பொறிக்கச் சொல்கிறார்கள்.

கூலியைக் கேட்பீர்கள். வெட்டும் நேரத்துக்கு நிமிஷத்துக்கு 10 ரூபாய், பலகைக்குத் தனி. படத்தைத் திருத்தினால் 50 ரூபாய். ஒரு சின்ன ரோபோவுக்கு 150-இல் இருந்து 300 ரூபாய் ஆகும். பெரிய பணம் இல்லைங்க. பரீட்சை மாதத்திலும் லீவிலும் ஆள் வராது. அப்போது ஷீல்டும் தையலும்தான். ஆனால் அன்றைக்கு ஆரம்பித்ததில் இருந்து ஒரு தவணை கூடத் தவறவில்லை. நகையும் திரும்பி வந்துவிட்டது. விற்கச் சொன்ன அக்காவே போன மாதம் தன் பேரனின் பள்ளிக்கூடப் பிராஜெக்டுக்கு வெட்ட வந்தார்கள்.

2016-இல் இருந்து மத்திய அரசின் நிதி ஆயோக் பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகம் வைத்துக் கொடுத்திருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரைக்கும் உள்ள பிள்ளைகள் அங்கே ரோபோ செய்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் இருந்தால் ஆசிரியரிடம் நம்ம மெஷினைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரு பீஸ் என்றாலும் வெட்டிக் கொடுப்போம்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. நாங்கள் ரெண்டு பேர்தான் இருக்கிறோம். காய்ச்சல் என்று ஒருத்தி படுத்தால் வேலை நின்று போகிறது. மற்ற குழுக்களில் இருந்து அளவெடுத்து வெட்டத் தெரிந்த, தையல் பழகிய ரெண்டு பெண்களை அனுப்புங்கள். கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் தெரியாது, அந்தப் பசங்களே சொல்லிக் கொடுத்தார்கள். நான் காசு வாங்காமல் கற்றுக் கொடுக்கிறேன். கற்று முடித்த பின் அவர்கள் வெட்டுகிற வேலைக்கு உள்ள கூலி அவர்களுக்கே.

ஒத்த பீஸ் என்று நாம் திருப்பி அனுப்பினால், அந்தப் பிள்ளை மறுபடி அட்டையை அறுத்துக்கொண்டு உட்காரும். அந்த ஒத்த பீஸ்தான் எங்கள் கடனையும் அடைத்தது.