வெறும் நீர் போதுமா?

எண்ணெய் பட்ட கையில் நீரை ஊற்றினால், அது முத்து முத்தாக உருண்டோடுவதை நாம் அறிவோம். காரணம் என்ன?

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு மின் இருமுனை. ஆக்சிஜன் பக்கம் எதிர்மின். ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டும் உள்ள பக்கம் நேர்மின். இத்தகைய மூலக்கூறுகளைப் பற்றி 1912இல் பீட்டர் டிபை என்னும் அறிஞர் விளக்கினார். எதிரெதிர் முனைகள் ஈர்ப்பதால், நீர் தன்னோடு தானே கைகோத்துக்கொள்கிறது. எண்ணெயிலோ அது பற்றிக்கொள்ளத்தக்க முனைகள் மிகக் குறைவு.

இரண்டும் சந்திக்கும் எல்லையில் சவர்க்காரம் வந்து நிற்கிறது. அதன் தலை நீரைப் பற்றும். வால் எண்ணெயில் நுழையும். பிசுக்கு சிறு துளிகளாகி நீரோடு போய்விடும்.

பூச்சிமருந்துகள் பல எண்ணெயில் கரைபவை. ஆகவே, மருந்தடித்துத் திரும்பியதும், குழந்தையைத் தூக்குமுன், சோற்றில் கைவைக்குமுன், சவர்க்காரமிட்டுக் கழுவுவோம்.