பீங்கான் மேல் பழி போடாதீர்கள்



விருத்தாசலத்தில் பீங்கான் படித்தவன் இன்ஜின் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பகுதி நம்ம சரக்குதான். சுமார் 1600 டிகிரி செல்சியஸில் சுட்ட அலுமினா!

அப்பாவிடம் ஒரு பழைய பாயிண்ட் வைத்த புல்லட் 350, திருவொற்றியூரில் பிறந்தது. அடிக்கடி பிளக் பீங்கான் விரிசல் விட்டது. "சூளையில சரியா வேகல" என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "தம்பி, பீங்கான் மேல பழி போடாதீங்க. டைமிங்கைப் பாருங்க."

முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்தோம். அட்வான்ஸ் எடைகள் விரியாத நிலையில், அமுக்க வீச்சில் ஏறிவரும் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் பிரிய வேண்டும். நடுவில் சிகரெட் தாளைச் சொருகி மெல்ல இழுத்துக்கொண்டே இன்ஜினைச் சுற்றினோம். தாள் உருவி வரும் கணமே தீப்பொறி. என் வண்டியில் அது ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது.

முந்திப் பற்றினால், ஏறிவரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்து அழுத்தும். நாக்கிங், சூடு, பீங்கான் விரிசல், கடைசியில் பிஸ்டனே ஓட்டை. பிந்தினால் இழுவை போகும், சைலன்சர் கொதிக்கும். காற்றில் ஆறும் இன்ஜினில் தவறைத் தாங்க ரேடியேட்டர் தண்ணீர் கிடையாது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கும் அளவுதான் வேறு, விதி இதே.

தாளை வைத்துச் சரிசெய்த பிறகு பீங்கான் விரியவில்லை. நண்பர்களே, உடைந்த துண்டைக் கையில் எடுத்ததும் சூளையைத் திட்டாதீர்கள். அது எந்தச் சூட்டில் உழைத்தது என்று முதலில் கேளுங்கள்.