காங்கிரிப் புண்ணும் ஒரு டாக்டரும்

மதுரை கோச்சடையில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். காஷ்மீர் மக்களுக்காகவும் ஜெபிப்போம். "மேலக்கால் ரோட்டைத் தாண்டாத நமக்கு அவங்களைப் பத்தி என்னக்கா தெரியும்? என்னன்னு ஜெபிக்கிறது?" என்று கேட்டாள் ஒரு தங்கச்சி. நியாயமான கேள்வி. அதனால்தான் இன்று டாக்டர் வில்லியம் எல்ம்ஸ்லியைப் பற்றிப் பேச வந்தேன்.

ஸ்காட்லாந்துக்காரர். 1865-ல் மிஷனரி டாக்டராகக் காஷ்மீரின் ஸ்ரீநகருக்குப் போனார். வந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இஸ்லாமியர். காத்திருப்பவர்களுக்கு வேதம் வாசித்து, ஜெபித்துவிட்டு வைத்தியம் தொடங்குவார்.

அங்கே குளிர்காலத்தில் ஆளுக்கொரு காங்கிரி இருக்கும். சின்ன மண்சட்டி, சுற்றிலும் குச்சிப் பின்னல், உள்ளே கரிநெருப்பு. அதைத் தொளதொள அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்காருவார்கள். வெயிலில் வாழும் நமக்கு அந்தக் குளிர் எளிதில் பிடிபடாது, நேயர்களே. வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு வயிற்றிலும் தொடையிலும் தோல் கறுத்து, தடித்து, புண்ணாகும். சிலருக்குப் புற்றாகவே மாறும். இதைக் கவனித்து 1866-லேயே மருத்துவ இதழில் எழுதியவர் எல்ம்ஸ்லி.

நான் நர்ஸாக இருந்தவள். ஆறாத தீப்புண்ணில் கட்டுத்துணி ஒட்டிக்கொள்ளும்; சலைன் ஊற்றி ஊறவைத்து, நூல் நூலாகப் பிரிக்க வேண்டும். அப்போது நோயாளி நம் முகத்தையே பார்ப்பார். அவர் என்ன மதம் என்ற நினைப்பே நமக்கு வராது. எல்ம்ஸ்லியை எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். யாருக்காக ஜெபித்தாரோ, அவர்களுடைய புண்ணைத் தொட்டுப் பார்த்தார். அதே நேரத்தில், மருந்துக்கு விலையாக யாரிடமும் விசுவாசத்தைக் கேட்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குளிர்காலத்தில் ஐரோப்பியர் காஷ்மீரில் தங்க அன்றைய மகாராஜாவின் அரசு அனுமதிக்கவில்லை. பனிக்கு முன்னே இறங்கிவிட வேண்டியிருந்தது. 1872-ல் உடம்பு முடியாமல் மலைப்பாதையில் இறங்கிய எல்ம்ஸ்லி, பஞ்சாப் சமவெளியில் இறந்துபோனார். அவர் தொகுத்த காஷ்மீரிச் சொற்களின் அகராதி அதே வருடம் அச்சானது. பிறகு ஆர்தர், எர்னஸ்ட் என்ற நீவ் சகோதரர்கள் அவர் ஸ்ரீநகரில் தொடங்கிய வைத்தியப் பணியைப் பெரிதாக்கினார்கள். அது தனிக் கதை.

நேரம் முடிகிறது. ஜெபிக்கிறவர்கள் பொத்தாம்பொதுவாகக் 'காஷ்மீர்' என்று சொல்லி முடிக்காமல், குளிரில் காங்கிரியோடு இருக்கும் பாட்டிக்காக, அவளுக்கு வைத்தியம் பார்க்கும் நர்ஸுக்காகக் கேளுங்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிக் காஷ்மீர்க் கடைகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் கடைத் தம்பியிடம், ஊரில் அம்மா சுகமா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.